பசித் துணி: தவக்காலத்துக்கு ஓர் ஓவியத் திரை

அத்திபெலேயில் குடியேறிய நாளிலிருந்து எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்குப் போகும்போது என்னையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார். சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில் ஒரு நாள் அவருடன் மாதா கோவில் வழியாக நடந்து வந்தேன். கதவு திறந்திருந்தது. உள்ளே சுரூபங்கள் எல்லாம் ஊதாத் துணியால் போர்த்தப்பட்டு நின்றன. அம்மாள் நின்று பார்த்துவிட்டு, "ஏங்க, சாமிக்கு ஏன் திரை போட்டிருக்காங்க? அலங்காரம் நடக்குதா?" என்று கேட்டார்.

கேள்வி எளிமையானது, ஆனால் அதற்குச் சரியான விடை சொல்லச் சற்றுத் தூரம் போக வேண்டியிருக்கிறது. நம் சங்கத்து அன்பர்களில் பெரும்பாலோர் கிறித்தவர் அல்லர். ஆயினும் திரை என்றால் என்ன என்பது தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அபிஷேகத்துக்கும் அலங்காரத்துக்கும் நடுவே கருவறைக்கு முன் இழுக்கப்படும் திரையை நாம் அறிவோம். சிதம்பரத்தில் திரைக்குப் பின்னால் இருப்பது வெறும் வெளி. வடலூரில் வள்ளலார் 1872இல் நிறுவிய சத்திய ஞான சபையில் ஏழு நிறத் திரைகளை ஒவ்வொன்றாக விலக்கித்தான் தைப்பூசத்தன்று சோதி காட்டுகிறார்கள். மறைப்பதே காட்டுவதற்காக. கிறித்தவக் கோவிலின் தவக்காலத் திரையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

தவக்காலம் என்பது உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள். நாட்காட்டியில் எண்ணினால் நாற்பத்தாறு வரும். இடையில் வரும் ஆறு ஞாயிறுகளை நோன்பு நாளாகக் கொள்வதில்லை. தென்னிந்தியத் திருச்சபையார் இதை லெந்து காலம் என்பர். தொடக்க நாளுக்குச் சாம்பல் புதன், திருநீற்றுப் புதன் என்று இரு பெயர்களும் உண்டு; பழைய கத்தோலிக்க வீடுகளில் விபூதிப் புதன் என்றே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பிப்ரவரி 4க்கு முன்னும் வராது, மார்ச் 10க்குப் பின்னும் வராது. அன்று நெற்றியில் இடும் சாம்பல், சென்ற ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று கையில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆண்டு முழுதும் சிலுவைக்குப் பின் செருகி வைத்திருந்த ஓலையை எரித்து எடுத்தது. பண்டிகையின் பச்சை ஓலை மறு ஆண்டின் நோன்புச் சாம்பலாகிறது.

காதுக்கும் வயிற்றுக்கும் நோன்பு இருப்பதுபோலக் கண்ணுக்கும் ஒரு நோன்பு வேண்டும் என்று இடைக்கால ஐரோப்பாவில் நினைத்தார்கள். எனவே சாம்பல் புதனன்றே மக்களுக்கும் பீடத்துக்கும் நடுவே பெரிய துணி ஒன்றைத் தொங்கவிட்டார்கள். பூசை நடக்கும், ஒலி கேட்கும், காட்சி மட்டும் கிடையாது. பெரிய வாரத்துப் புதன்கிழமையன்று பாடுகளின் வரலாறு வாசிக்கப்படும். அதில் எருசலேம் கோவிலின் திரை இரண்டாகக் கிழிந்தது என்ற இடம் வந்ததும் மேலே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். திரை தொப்பென்று தரையில் விழும். நம் தெருக்கூத்துக்காரர்கள்கூட இதைவிட நல்ல கட்டம் யோசித்திருக்க முடியாது.

முதலில் அது படமில்லாத வெறுந்துணி. நாற்பது நாள் வெறுந்துணியைப் பார்த்துக்கொண்டிருப்பது மனிதரால் ஆகிற காரியமா? மெல்ல மெல்ல அதில் ஊசி வேலை வந்தது. வெள்ளைத் துணியில் வெள்ளை நூலாலேயே உருவங்கள் தைத்தார்கள். பிறகு ஆல்ப்ஸ் மலை நாடுகளில் அதையே வண்ணம் தீட்டிய கதைத் துணியாக்கிவிட்டார்கள். கண்ணுக்கு நோன்பு வைக்க வந்த துணி, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் புத்தகமாக மாறியது. ஆஸ்திரியாவின் குர்க் பேராலயத்துத் திரை 1458இல் கொன்ராட் என்ற ஓவியர் வரைந்தது. அதில் 99 படங்கள். பழைய ஏற்பாட்டுக்கு 50, புதியதற்கு 49. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரத் திரை 1612ஆம் ஆண்டைச் சேர்ந்தது; ஏறத்தாழ ஒரு டன் எடை.

சிட்டாவ் நகரத்துத் திரையின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1472இல் செய்தது, 8.20 மீட்டர் உயரமும் 6.80 மீட்டர் அகலமும், 90 படங்கள். அந்த ஊர் பின்னர் லூதரன் சபைக்கு மாறிவிட்டது. லூதருக்கு இந்த வழக்கத்தில் விருப்பம் இல்லை. ஆனால் ஊரார் விடாமல் 1672 வரை அதைத் தொங்கவிட்டுக் கொண்டிருந்தார்கள். பிறகு மறந்துபோனது. 1945இல் போர் முடிந்த குழப்பத்தில் சோவியத் படைவீரர்கள் அதை நான்காகக் கிழித்து, காட்டில் தாங்கள் கட்டிய நீராவிக் குளியலறைக்குச் சுவர்த் துணியாக்கிவிட்டார்கள். நீராவியில் வண்ணங்கள் வெளிறிப்போயின. மிஞ்சிய துண்டுகளைச் சுவிட்சர்லாந்தில் 1994-95இல் சேர்த்துச் செப்பனிட்டார்கள். 1999 முதல் சிட்டாவிலேயே பழைய தேவாலயம் ஒன்றில் மாபெரும் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. வெளிறிய இடங்களில் யாரும் புது வண்ணம் பூசவில்லை.

ஜெர்மானியர் இத்திரைக்கு வைத்த பெயர்களுள் ஒன்று பசித் துணி. அந்த நாட்டில் ஒருவன் வறுமையில் வாடுகிறான் என்பதற்குப் 'பசித் துணியைக் கடிக்கிறான்' என்று இன்றும் சொல்வதுண்டு. இந்தப் பெயர்தான் கதையை நம் பெங்களூருக்குக் கொண்டுவருகிறது.

ஜெர்மனியின் கத்தோலிக்க ஆயர்கள் 1958இல் மிசேரியோர் என்ற உதவி அமைப்பைத் தொடங்கினார்கள். தவக்காலத்தில் திரட்டும் காணிக்கையை ஏழை நாடுகளுக்கு அனுப்புவது அதன் பணி. பணம் கொடுத்தால் மட்டும் போதாது, கொடுப்பவர் வாங்குபவரின் கண்களால் ஒருமுறை உலகைப் பார்க்கட்டும் என்று எண்ணி, 1976இல் பசித் துணி வழக்கத்தை அவர்கள் உயிர்ப்பித்தார்கள். வரையும் பொறுப்பை ஐரோப்பிய ஓவியருக்குக் கொடுக்கவில்லை. முதல் துணியை வரைந்தவர் ஜோதி சாஹி. பெங்களூருக்கு வடக்கே சில்வேபுரா என்ற சிற்றூரில் வாழ்ந்து பணியாற்றியவர். 1984இலும் அவரையே அழைத்தார்கள்.

சாஹி 1944இல் புனேயில் பிறந்தவர். தந்தை பஞ்சாபி, தாய் ஆங்கிலேயர். லண்டனில் ஓவியம் பயின்று திரும்பி, கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கருடன் சில காலம் பணியாற்றினார். பெங்களூரில் அவருக்குக் களம் அமைத்துக் கொடுத்தவர் ஒரு தமிழர் என்பது நாம் நினைவில் கொள்ளத்தக்கது. புதுவை மறைமாவட்டத்துக் குருவும் கர்தினால் லூர்துசாமியின் தம்பியுமான து.சி. அமலோர்பவதாஸ் 1967இல் பெங்களூரில் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தின் முதல் இயக்குநர் அவர். குத்துவிளக்கு, ஆரத்தி, கைகூப்பி வணங்குதல், தரையில் அமர்தல் முதலான பன்னிரண்டு மாற்றங்களுக்கு 1969இல் உரோமை அனுமதி தந்ததில் அவருடைய உழைப்பு பெரிது. அம்மையத்தின் கலைப்பணிகளில் சாஹி பல ஆண்டுகள் ஈடுபட்டார். அமலோர்பவதாஸ் பின்னர் மைசூரில் அஞ்சலி ஆசிரமம் அமைத்தார். 1990இல் சாலை விபத்தில் காலமானார்.

இந்த முயற்சியை எல்லாரும் வரவேற்கவில்லை. கோவிலை இந்துக் கோயிலாக்குகிறார்கள் என்று ஒரு பக்கம் கூச்சல். மறுபக்கத்திலிருந்து வந்த குரல்தான் எனக்கு அதிகக் கனமாகப் படுகிறது. தாமரையும் ஓம்காரமும் ஆசிரமமும் யாருடைய இந்தியா? திருச்சபையில் பெருந்தொகையாக இருக்கும் ஒடுக்கப்பட்ட மக்களின் பறையும் பாட்டும் எங்கே? என்று அவர்கள் கேட்டார்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தது இந்தக் கேள்வியின் தொடர்ச்சியே. தவக்காலக் கலை செய்ய முனைகிறவர் யாரும் இதைத் தாண்டிக் குதித்துவிட முடியாது. துன்பத்தை வரைய வந்தவர், யாருடைய துன்பம் என்று கேட்டுக்கொள்ளாமல் தூரிகையைத் தொடலாமா?

சாஹிக்குப் பின் வந்த பசித் துணிகள் இக்கேள்வியை நேராகவே எதிர்கொண்டன. 1978இல் எத்தியோப்பியாவின் அலெமாயெஹு பிசுனே. 1982இல் எய்த்தித் தீவின் ஜாக் செரி, சிலுவையை மரமாகவும் அதில் தொங்குபவரைக் கறுப்பு மனிதராகவும் தீட்டினார். 1990இல் கோவாவைச் சேர்ந்த லூசி டிசோசா விவிலியப் பெண்களை மட்டுமே வரைந்தார். 1992இல் அர்ஜென்டினாவின் அடோல்ஃபோ பெரெஸ் எஸ்கிவேல், அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர், தம் கண்டத்தின் சிலுவைப் பாதையைத் தந்தார். 2021ஆம் ஆண்டுத் துணி எல்லாவற்றிலும் துணிச்சலானது. சிலி நாட்டில் 2019இல் நடந்த போராட்டத்தில் அடிபட்ட ஒருவரின் உடைந்த பாதத்தின் எக்ஸ்ரே படத்தையே லிலியன் மொரேனோ சாஞ்செஸ் கரிக்கோடுகளாக வரைந்தார். வரைந்தது மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளின் மேல். போராட்டம் நடந்த சதுக்கத்தின் புழுதியை அள்ளிவந்து அதில் தேய்த்தார். கிழிசல்களைப் பொன் நூலால் தைத்தார். இயேசுவின் முகம் அதில் எங்கும் கிடையாது.

இவை அயலூர்ச் செய்தி, நமக்கு என்ன என்று அன்பர்கள் கேட்கலாம். துணியில் கதை எழுதுவது நம் கடற்கரையின் தொழில். சென்னையில் வாணிபம் செய்த ஆர்மீனியர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். ஆர்மீனியத் திருச்சபையில் பெரிய நோன்பு முழுவதும் பீடத்தின் முன் திரை மூடியே இருக்கும். 18ஆம் நூற்றாண்டில் அத்தகைய பீடத்திரைகள் சென்னையில் தயாராகி, கடல் கடந்து அவர்களுடைய புனிதத் தலங்களுக்குச் சென்றன. சென்னை ஆர்மீனியன் தெருவில் 1772இல் கட்டிய அவர்களது கோவில் இன்னும் நிற்கிறது. அதாவது, தவக்காலத் திரைக்கு வண்ணம் கொடுத்த கைகளில் நம் ஊர்க் கைகளும் உண்டு. தேர்த் தொம்பையும் தோரணமும் எழுதும் கலம்காரி வேலை கும்பகோணத்தை ஒட்டிய சிக்கல்நாயக்கன்பேட்டை, கருப்பூர் பகுதிகளில் இன்றும் உயிரோடிருக்கிறது.

தமிழ்க் கிறித்தவருக்கும் தவக்காலக் கலை புதிதன்று. யாழ்ப்பாணப் பக்கத்தில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் (1676–1742) எழுதிய வியாகுலப் பிரசங்கத்தை இராகத்தோடு வாசித்து அழுவார்கள். இடைக்காட்டூரிலும் புறத்தாக்குடியிலும் பாஸ்கா நாடகம் உண்டு. யாழ்ப்பாணத்தில் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் பாடுகளின் நாடகத்தைப் பெரிய அரங்குக் கலையாகவே வளர்த்தது. சொல்லிலும் கூத்திலும் நாம் குறை வைக்கவில்லை. கோவிலில் மாட்டும் படம் என்று வரும்போது மட்டும் அச்சடித்த இத்தாலியப் படமே போதும் என்று இருந்துவிட்டோம்.

இனி, நம் எல்லையூருக்கு ஒரு பசித் துணி செய்வதென்றால் அதில் என்ன வரையலாம்? இதைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் உண்டு.

ஊரின் பெயரிலேயே அத்தி இருக்கிறது; தமிழிலும் கன்னடத்திலும் அம்மரத்துக்கு ஒரே பெயர். (விவிலியத்தில் வருவது சீமை அத்தி, நம் ஊரில் அடிமரத்தில் கொத்துக் கொத்தாகக் காய்ப்பது நாட்டத்தி. ஓவியர் நாட்டத்தியையே வரையட்டும், யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.) மூன்றாண்டுக்கு ஒருமுறை சுற்றி வரும் வாசக வரிசையில், தவக்காலத்து மூன்றாம் ஞாயிறுக்கு லூக்கா 13ஆம் அதிகாரம் வரும். மூன்று ஆண்டாகக் காய்க்காத அத்தி மரத்தை வெட்டிவிடு என்கிறார் தோட்டத்துச் சொந்தக்காரர். இந்த ஓராண்டு விட்டுவையுங்கள், சுற்றிலும் கொத்தி எரு போட்டுப் பார்க்கிறேன் என்று கெஞ்சுகிறார் தோட்டக்காரர். மரம் காய்த்ததா இல்லையா என்பதைச் சொல்லாமலே கதை நின்றுவிடுகிறது.

அந்தக் கதைக்கு முன்னால் வரும் சில வரிகளை நாம் கவனிப்பதில்லை. சீலோவாமில் ஒரு கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் இறந்துபோனார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளோ என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே விடையும் சொல்கிறார். அத்திபெலேயில் இருப்பவர் இந்த இடத்தை வாசித்துவிட்டுச் சும்மா தாண்டிப் போக முடியாது. 2023 அக்டோபர் 7ஆம் நாள் இங்கே பட்டாசுக் கடை ஒன்றில் பற்றிய தீயில் 14 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து தீபாவளி வேலைக்கு வந்த இளைஞர்கள். படிப்புச் செலவுக்காக வந்த மாணவர்களும் அவர்களில் உண்டு. அன்று ஊரில் 'அவங்க விதி' என்று சொன்னவர்கள் பலர். கர்மம் என்றார்கள், நேரம் என்றார்கள். சீலோவாம் கோபுரத்தைப் பற்றி அன்று எருசலேமிலும் இதைத்தான் பேசியிருப்பார்கள்.

ஆகவே துணியின் நடுவில் அத்தி மரம். ஒரு பக்கம் இடிந்த கோபுரம், மறுபக்கம் நெடுஞ்சாலை. தீயை வரைய வேண்டாம் என்பது என் கருத்து. இறந்தவரின் வீட்டார் என்றாவது அந்தக் கோவிலுக்குள் வரக்கூடும். அவர்கள் கண்முன் தீயை நிறுத்துவது எந்த நோன்பிலும் சேராது. சாலையோரம் தோள்பையுடன் பேருந்திலிருந்து இறங்கும் பையன்கள் சிலர் போதும். மரத்தடியில் மண்வெட்டியோடு தோட்டக்காரர். அவருக்கு ஒளிவட்டம் வேண்டாம்; பார்ப்பவர் தாமே கண்டுகொள்வார்.

துணிக்கு இன்னொரு நன்மை உண்டு. பெங்களூர்த் தேவாலயங்களில் எந்த மொழியில் பூசை என்ற வழக்கு பல பத்தாண்டுகளாக மனங்களைப் புண்படுத்தி வந்திருக்கிறது. காவிரிச் சிக்கலில் 1991இலும் 2016இலும் இந்தச் சாலையில் வண்டிகள் நின்றபோது நாம் எப்படி இருந்தோம் என்பதை எழுத வேண்டியதில்லை. ஜுஜுவாடிக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் அத்தி மரம் அத்தி மரம்தான். ஓவியத்தில் ஒரு சொல்கூட எழுதாமல் விட்டால், தமிழ்ப் பூசைக்கு வருபவரும் கன்னடப் பூசைக்கு வருபவரும் ஒரே துணியைப் பார்க்கலாம். அடியில் வாசகம் எழுதலாமே என்று யாராவது சொல்வார்கள். அங்கேதான் சண்டை ஆரம்பமாகும். உறுதியாக மறுத்துவிடுங்கள்.

செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளுக்காத காடாத்துணி வாங்குங்கள். கஞ்சி போக நன்றாக அலசி உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் சாயம் பிடிக்காது. அகலம் போதாவிட்டால் இரண்டு மூன்று பட்டைகளைச் சேர்த்துத் தையுங்கள். தையல் தெரிந்தால் தெரியட்டும். கலம்காரி முறையில் செய்ய விரும்பினால் கடுக்காய்த் தூளைப் பாலில் கலந்து துணியை அதில் ஊறவைத்து வெயிலில் காயப்போட வேண்டும். பாலின் கொழுப்பு சாயத்தைப் பரவவிடாது. கடுக்காயின் துவர்ப்பு இரும்புச் சாற்றைக் கறுப்பாக்கும். இரும்புச் சாறு என்பது துருப்பிடித்த ஆணிகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று வாரம் புளிக்க வைத்தது. தீட்டும்போது வெளிறியே இருக்கும்; துணியில் பட்டதும் கண்முன்னே கறுக்கும். சிறுவர்களை அருகில் வைத்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கு இது வேடிக்கை. மூங்கிலைச் சீவி, நுனிக்குமேல் கம்பளி சுற்றி, அதிலிருந்து சாயம் மெல்ல இறங்கும்படி செய்ததே எழுதுகோல். பொங்கல் கழிந்ததும் ஆணியை ஊறப்போட்டால் பெரும்பாலான ஆண்டுகளில் சாம்பல் புதனுக்குக் கோடு வேலை முடிந்துவிடும்.

கறுப்போடு நிறுத்திக்கொள்வதே தவக்காலத்துக்குப் பொருத்தம் என்பேன். சிவப்பு வேண்டுமென்றால் படிகார நீரில் எழுதி, மஞ்சிட்டி வேரோடு கொதிக்க வைக்க வேண்டும். பெரிய துணிக்குப் பெரிய அண்டா வேண்டும், கல்யாணச் சமையற்காரரிடம்தான் கேட்க வேண்டிவரும். ஒரு வழி உண்டு. வாரம் ஒரு கட்டமாக, ஞாயிறுதோறும் மக்களே வண்ணம் சேர்க்கட்டும். முதல் வாரம் வெறுங்கோடு. ஆறாம் வாரம் முழுப்படம். கடையில் விற்கும் துணி வண்ணத்தாலும் இதைச் செய்யலாம். அதில் குற்றம் எதுவும் இல்லை. வரைகிறவர் ஓவியராக இருக்க வேண்டியதும் இல்லை. வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடும் பெண்களுக்குப் பெரிய பரப்பைச் சிறு கட்டமாகப் பிரிக்கும் கணக்கு கைவந்தது. சுண்ணக்கட்டியால் துணியில் கட்டம் போடும் வேலையை அவர்களிடம் விடுங்கள். பக்கத்து வீட்டு அம்மாளிடம் இதைச் சொன்னபோது, "நானும் வந்து புள்ளி வைக்கட்டுமா? என்னை விடுவாங்களா?" என்று கேட்டார். ஏன் விடமாட்டார்கள்?

தொங்கவிடும்போது பீடத்தை முழுவதும் மறைக்கக் கூடாது. இன்றைய வழிபாட்டுக்கு அது ஒத்துவராது. பக்கவாட்டில், மக்கள் திவ்விய நற்கருணை வாங்கப் போகும் வழியில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே இருந்தால் போதும். மேலும் கீழும் மூங்கில் கழி கோத்தால் சுருங்காது. மின்விசிறிக்கு நேரே வேண்டாம்.

பெரிய வாரத்தில் இறக்கியபின் மடித்து வைக்காதீர்கள், குழாயில் சுருட்டி வையுங்கள். சுருட்டும்போது வண்ணப் பக்கம் வெளியே இருக்க வேண்டும். உள்ளே வைத்துச் சுருட்டினால் வண்ணம் நெருக்குண்டு வெடித்துவிடும். மேலே பழைய வேட்டி ஒன்றைச் சுற்றி, இரண்டு இடத்தில் தளர்வாக நாடாக் கட்டுங்கள். எலி ஏறாத பரண் நல்லது.